நான் அளக்க வந்தவனல்ல

எனக்கு இரண்டு பெண்டாட்டிகள் என்று என் மனைவி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவாள். ஒன்று பல்கலைக்கழகமாம், மற்றது மலையாம். "ரெண்டுல ஒன்னுகூட நான் இல்லீங்க" என்று முடிப்பாள். ஹட்டனில் பள்ளிக்கூட ஆசிரியை, கணிதம் கற்பிப்பவள், ஆகவே கணக்கில் பிழை இருக்காது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன், வேறு என்ன செய்ய?

நான் புவியியல் பேராசிரியர். மலைச்சரிவும் மண்சரிவும் என் பாடம். வார நாட்களில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறை, வெள்ளி மாலை ரயிலேறி ஹட்டன் வீடு. இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் மலை வரைந்துகொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, வரைகிற மலையில் எனக்குப் பெரிய பிரியம் கிடையாது. ஏறுகிற மலையில்தான். விடைத்தாள் கட்டைப் பிரித்தால் பத்தாவது தாளுக்குள் கண் ஜன்னலுக்குப் போய்விடும். பல்கலைக்கழகக் கூட்டங்களில் நான் கருத்தாகக் குறிப்பெடுப்பதைப் பார்த்து எங்கள் பீடாதிபதி மகிழ்ந்திருக்கிறார். பாவம், அந்தக் கொப்பி முழுக்க நான் போக நினைத்த பாதைகள்.

போன வருடம் இரண்டு காகிதங்கள் ஒன்றாக என் மேசைக்கு வந்து சேர்ந்தன. ஒன்று ஒரு வருட ஆய்வு விடுமுறைக்கான விண்ணப்பம். நேபாளத்தைக் கிழக்கிலிருந்து மேற்காக நடந்தே கடப்பதென்று நண்பர்கள் இருவரும் நானும் பல வருடங்களாகப் பேசிவந்தோம். இப்போது அவர்கள் பேச்சை விட்டுவிட்டுப் பயணச்சீட்டு விலை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மற்றக் காகிதம் என்னைத் துறைத்தலைவராக்கும் கடிதம். பீடாதிபதி நேரிலும் கூப்பிட்டுச் சொன்னார். நீங்கள் போனால் இறுதியாண்டுக்கு மண்சரிவுப் பாடம் எடுக்க ஆளில்லை, ஒரு வருடம் நிறுத்திவைக்க வேண்டியதுதான், திங்கட்கிழமை பதில் சொல்லுங்கள் என்றார். எனக்கு ஐம்பத்தைந்து வயது. இடது முழங்கால் இப்போதே படியிறங்கும்போது முனகுகிறது. இந்த வருடம் போகாவிட்டால் இனி இல்லை.

"நிறுத்தட்டுமே, ஒரு பாடம் நின்றால் உலகம் நின்றுவிடுமா" என்று வீட்டுக்கு வந்து கத்தினேன். மனைவி ஞாயிறு காலை ரொட்டியும் சம்பலும் கட்டிக் கையில் கொடுத்தாள். எங்காவது ஏறிவிட்டு வரச் சொன்னாள். வீட்டுக்குள் இருந்து யோசித்தால் சட்டிபானைக்குத்தான் ஆபத்து என்றாள்.

மஸ்கெலியா பஸ் பிடித்து, ஊருக்கு முன்பே இறங்கி, ஒரு தோட்டத்து வழியாக ஏறத் தொடங்கினேன். தேயிலை முடிந்து மானாப்புல், அதற்கு மேல் காடு, காட்டுக்கு மேல் மொட்டைப் பாறை. அந்தப் பாறைதான் என் குறி. தூரத்தில் தெரியட்டும் என்று மனைவி வாங்கித் தந்த செம்மஞ்சள் மேற்சட்டை, ஒரு தடி, கையில் ஜீபிஎஸ், பையில் கொப்பி. இந்தக் கோலத்தில் ஒருவன் தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வந்தால் அங்கே என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானும் லயத்தில் பிறந்தவன்தானே.

தனி வீடு கட்டக் காணி தருவோம் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிவருகிறார்கள். அந்தக் காணியை அளக்க ஆள் வரும் வரும் என்று லயங்கள் காத்திருக்கின்றன. நான் முற்றத்தை மிதிக்கும் முன்பே ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்துவிட்டது. அதன்மேல் துவைத்த துவாய் ஒன்றை விரித்தார்கள். லயத்தில் அந்தத் துவாய் விருந்தாளிக்கு விரிப்பதல்ல, உத்தியோகத்தருக்கு விரிப்பது. அப்போதே எழுந்திருக்க வேண்டும். தாகமாக இருந்தது, தேத்தண்ணியும் வந்துவிட்டது, உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும், எப்போது அளப்பீர்கள் என்று கேட்டாள். மாணவர்கள் எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்று சொல்லிப் பழகிய வாய் இது. பார்ப்போம் என்றது. நான் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தேன், நேபாளத்தையாக இருக்கலாம். அவளுக்கு அது போதுமாக இருந்தது. வாங்க சேர் என்று முன்னால் நடந்தாள்.

லயத்துக்குப் பின்னால் சரிவில் நான்கு கற்கள், சுண்ணாம்பு பூசியவை. அவளே பார்த்து வைத்த இடம். இது குசினி, இது சாமி வைக்கிற இடம், இது மகனுக்கும் மருமகளுக்கும் என்று புல்லின்மேல் நடந்து நடந்து காட்டினாள். மகன் கொழும்பில் கடையில் வேலை. மருமகள் லயத்துக்கு வரவே மாட்டேன் என்கிறாளாம், தனி வீடென்றால் வருகிறேன் என்றாளாம். பேரப்பிள்ளையைப் படத்தில்தான் பார்க்கிறாளாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு என் கையிலிருந்த ஜீபிஎஸ்ஸைப் பார்த்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நான் அளக்க வந்தவனல்ல, காணிக் கந்தோருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, கெம்பஸில் படிப்பிக்கிறவன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை.

"அப்ப எதுக்குங்க சேர் இம்புட்டு தூரம் ஏறி வந்தீங்க?"

சும்மாதான், அந்தப் பாறைக்குப் போகலாமென்று, என்றேன். சொல்லும்போதே எவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்டது. நானும் லயத்துப் பிள்ளைதான், எங்கள் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியவில்லை.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "நான் இங்கயே பொறந்தவ தம்பி. கொழுந்து முடியிற எடத்துக்கு மேல காலு வச்சதே இல்ல. நானும் வரவா?"

சேர் போய்த் தம்பியாகியிருந்தேன். சரி அக்கா, வாங்க என்றேன்.

காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு, அட்டைக்கு அதுதான் மருந்து, ரப்பர் செருப்போடு ஏறினாள். நான் விலை கூடிய சப்பாத்தோடு பின்னால் மூச்சு வாங்கினேன். காட்டுக்குள் இரண்டு தடவை நின்று எனக்காகக் காத்திருந்தாள். பாறைக்கு வந்ததும் நான் வழக்கம்போல கீழே விரிந்திருந்த நீர்த்தேக்கத்தைப் பார்த்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை, தன் லயத்தைத் தேடினாள். கண்டுபிடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவ்வளவு சின்னதிலா இத்தனை பேர் இருக்கிறோம் என்றாள். அப்புறம், அந்தா என் கல் என்று காட்டினாள்.

நானும் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாதென்று தோன்றியது. கற்களுக்கு நேர் மேலே சரிவு உள்வாங்கிக் குழிந்திருந்தது. இரண்டு பக்கத்து நீரும் அந்தக் குழிவில் கூடி இறங்குகிற வழியில்தான் அவளுடைய குசினியும் சாமியும் இருந்தன. குழிவில் நின்ற மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. மண் சரியப்போகிற இடமென்று இதே படத்தை நூறு தடவையாவது கரும்பலகையில் வரைந்திருப்பேன். கீழே நின்றபோது தெரியவில்லை. புல்லின்மேல் அவள் கட்டிக்காட்டிய வீட்டைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் இறங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அளக்க வருகிறவன் சொல்லட்டும், எனக்கென்ன. ஆனால் அவள் அவ்வளவு சந்தோஷமாக நின்றாள். அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு அவளை அங்கே குடியேற விட முடியுமா? தடியால் காட்டிக் காட்டிச் சொன்னேன். கடும் மழைக்கு அங்கே தண்ணீர் நிறம் மாறி வருமா என்று கேட்டேன். ஆமாம், செம்மண் நிறத்தில் வரும், அது மண்தானே என்று நாங்கள் கவனிப்பதில்லை என்றாள்.

"இதெல்லாம் படிச்சுக் குடுக்குறீங்களே தம்பி, ஒங்ககிட்ட படிச்சவங்க ஒருத்தராவது இந்தப் பக்கம் ஏறி வரலீங்களா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் மாணவர்கள் நல்ல உத்தியோகங்களில் இருக்கிறார்கள், நல்ல அறிக்கைகள் எழுதுகிறார்கள். நானோ மாதம் இரண்டு தடவை ஏதோ ஒரு மலையில் நிற்கிறேன், சூரிய உதயம் பார்க்க. வெட்கமாக இருந்தது.

இறங்கியதும் அவள் கற்களைப் பெயர்த்தாள். இரண்டை நான் தூக்கிக்கொண்டேன். லயத்துக்கு மறுபுறம், சற்று மேடாக நீண்டிருந்த ஒரு மலைத்தோளில் இடம் தேடினோம். தண்ணீர்க் குழாய் தூரம், காற்று கூட, பார்வைக்குத் தேயிலைத் தொழிற்சாலையின் பின்புறம்தான். அவளுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் மேற்சரிவு வரைக்கும் போய்ப் பார்த்தேன், மண்ணைக் குத்திப் பார்த்தேன், மர வேர்களைப் பார்த்தேன், திரும்பவும் மேலே போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருக்கும். கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் அவசரப்படுத்தாமல் நின்றாள். செங்குத்துப் பாறைகளில் தொங்கியிருக்கிறேன், பிடியை இத்தனை தடவை சரிபார்த்ததில்லை.

"வைங்க அக்கா" என்றேன். வைத்தாள். அளக்க ஆள் வந்தால் இந்த இடத்தையே கேட்கும்படியும், எனக்கு ஒரு கோல் எடுக்கும்படியும் சொல்லித் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். அவளுடையதையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என்ன முடிவு என்று மனைவி கேட்டாள். "நான் சொன்ன எடத்துல ஒருத்தங்க வீடு கட்டப்போறாங்க. மழ பெய்யிறப்ப நான் இங்க இருக்கணும்" என்றேன். எதுவும் விளங்காமலே தலையைத் தடவிவிட்டாள். மறுநாள் துறைத்தலைவர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். பெருந்தன்மையோடு போட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், பேனையை எறியாத குறைதான்.

நண்பர்கள் புறப்பட்ட அன்று விமான நிலையத்திலிருந்து படம் அனுப்பினார்கள். இருவருக்கும் நடுவில் எனக்காக இடம் விட்டு நின்றிருந்தார்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே விடிந்ததிலிருந்து மழை. முகத்தைக் கழுவிக்கொண்டு போய் இறுதியாண்டு விரிவுரையை முடித்தேன். முடித்த கையோடு அந்த அக்காவுக்கு ஒரு கோல் எடுத்தேன்.

"கல்லு அசையல தம்பி" என்றாள். "நீங்க சாப்புட்டீங்களா?"