கோணாத கிண்ணங்கள்

காலை மணி பத்து பத்து. லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி அறை. முதலில் கண்ணில் படுவது பிழையே இல்லாத வட்டமாக இருக்கும் ஐந்து களிமண் கிண்ணங்கள். அவற்றின் முன்னால் 'தேறவில்லை' என்று ஒரு சீட்டு.

ஜப்பானியத் தேநீர்ச் சடங்குக்கான கிண்ணங்களை இங்கே கையால் செய்கிறார்கள். கிண்ணம் சற்றுக் கோணலாக இருக்க வேண்டும், ஆன்மா அதில்தான் இருக்கிறது என்கிறார் ஜப்பானில் பதினோரு நாள் தங்கிவந்த உரிமையாளர். கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வரும் செல்விக்கு இன்று கடைசி வாய்ப்பு. ஐந்து கோணல் கிண்ணங்கள் தேறினால்தான் வேலை நிலைக்கும். அவர் கை பட்டால் மண் வட்டமாகத்தான் எழுகிறது.

"லேசாக அமுக்கிவிடக் கூடாதா?" என்று செல்வியிடம் கேட்கிறேன், வேடிக்கை பார்க்க வந்த நான்.

"அமுக்குனா கண்டுபுடிச்சுடறாரு சார். கோணல் தானா வரணுமாம். அதை எந்த ஊர்ல போய் கத்துக்கறது?"

இங்கே நடக்கும் வார இறுதி மண்பாண்ட வகுப்புக்கு வந்த ஐந்து மென்பொருள் பொறியாளர்களைச் செல்வி ஒரு கணம் பார்க்கிறார். பிறகு ஒவ்வொரு கிண்ணம் முடிந்ததும் ஒருவரைக் கூப்பிடுகிறார்.

"சக்கரத்துலேர்ந்து எடுத்துப் பலகையில வைங்க சார். சொல்ப உஷாரு, கீழ போட்டுடாதீங்க."

பயந்து இறுக்கிப் பிடிக்கும் கைகளில் ஐந்தும் ஐந்து விதமாக நெளிகின்றன.

பிறகு உள்ளே வந்த உரிமையாளர் பலகையின் முன் மண்டியிடுகிறார். நெடுநேரம் பார்க்கிறார்.

"உங்க ஈகோ கரைஞ்சு போச்சு, செல்வி."

"ஆமா சார்."

ஐந்தும் தேறுகின்றன. செல்விக்கு வேலை நிரந்தரமாகிறது. ஒவ்வொரு கிண்ணத்தின் அடிவிளிம்பிலும் உரிமையாளர் தன் பெயர் முத்திரையைப் பதிக்கிறார்.