கழுத்துச் சொடக்கு

ஆராய்ச்சிக்காக நான் ரத்தம் எடுத்தவர்களில், சுங்கை பினாங்கில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஒருவரை மறக்க முடியவில்லை. நரைத்த மீசை, அதில் ஒரு முடிகூடப் பிசகி இருக்காது. கழுத்து ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்தவர். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தை விட்டுவிட்டுக் கழுத்தையே பார்ப்பார்.

“ரத்தத்துல என்னா பாக்குறீங்க, தம்பி?”

“படிஞ்ச கொழுப்பு கெட்டியா இருக்கா, இல்ல ஒடஞ்சு மூளைக்குப் போயிருமான்னு ரத்தத்த வச்சே சொல்ல முடியுமான்னு பாக்குறோம், அண்ணே. இன்னும் உறுதியாத் தெரியல.”

“அப்ப யாரு கழுத்து எப்படின்னு வெளிய பாத்தா தெரியாதுலா?”

“தெரியாது.”

தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “முப்பது வருசமா, முடி வெட்டி முடிச்சதும் எல்லாருக்கும் கழுத்துல சொடக்கு எடுத்து விட்டிருக்கேன்.”



அடுத்த மாதம் அவர் கடையில் முடி வெட்டிக்கொண்டேன். வெட்டி முடித்ததும் பழக்கதோஷத்தில் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காத்திருந்தேன். அவர் போர்த்திய துணியை எடுத்து உதறினார்.

“தெரியாதுன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க?”

கண்ணாடியில் பார்த்தேன். அவர் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.