எழுபதும் ஐம்பத்தைந்தும்

அந்தத் தெருவில் அவளுக்குத் தெர்மாமீட்டர் என்று பெயர். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட காலத்தில் வந்த பட்டம். தலைவலி என்று யாராவது சொல்லி வாய் மூடுவதற்குள் அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகிவிடுவாள். முழங்கால் மக்கர் பண்ணியதும் அந்த வேலையை விட்டாள். பட்டம் அவளை விடவில்லை.

இப்போது அவள் கவனிப்பில் இருப்பது கேரட். தம்பி வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் பீரோ மாதிரி ஒரு டிரையர். கீழே ஹீட்டர், பின்னால் ஃபேன், உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள். நறுக்கிய காயின் மேல் சூடான காற்று ஓடி ஈரத்தை வாங்கிக்கொண்டு போகும். தம்பி மனைவியோடு கூட்டு வியாபாரம். மற்றதில் எல்லாம் ஒத்துப்போகும் இருவருக்கும் சூட்டு விஷயத்தில் மட்டும் ஏழாம் பொருத்தம்.

"எழுபது டிகிரில வைங்க அண்ணி. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"கேரட்டை உலர்த்துறோமா, கொளுத்துறோமா? அம்பத்தஞ்சு போதும்."

"அம்பத்தஞ்சுல அது காயாது, தூங்கும்."

இருவர் சொன்னதையும் செய்து பார்த்தாயிற்று. எழுபதிலேயே விட்டபோது துண்டுகள் வெளியே ஓடு மாதிரி இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டது. பாட்டிலில் போட்டு மூடினால் மறுநாள் கண்ணாடி வியர்த்திருந்தது. ஐம்பத்தைந்திலேயே விட்டபோது நெடுநேரம் ஈரமாகக் கிடந்து புளித்த வாடை. வாங்குவதாகச் சொல்லியிருந்த விடுதிச் சமையல் மாஸ்டர் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இன்னும் ஒரே தடவை பாக்கறேன். அதுவும் சரியில்லன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்."

தம்பி சொன்னது இன்னும் சுருக்கம். "இந்த ஆர்டர் வரலன்னா டிரையரை வித்துருவேன். கரண்ட் பில் என்னை உலர்த்துது."

கடைசித் தடவை வருவதற்குள் இருவருக்கும் இடையே பேச்சே நின்றுபோயிருந்தது. காலையில் தம்பி மனைவி தட்டுகளை அடுக்கி, எழுபதில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். தெர்மாமீட்டர் கொட்டகைக்கு வந்தபோது துண்டுகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. 'போச்சு, இதுவும் ஓடாகப் போகுது' என்று முணுமுணுத்தாள். சட்டென்று ஐம்பத்தைந்துக்கு இறக்கினாள். சூட்டுக் குமிழை மறைத்து நாற்காலி போட்டு, பூண்டு உரிக்க உட்கார்ந்தாள்.

மத்தியானம் தம்பி மனைவி திரும்பி வந்தாள். "இன்னும் முடியலையா?" என்று டிரையரைக் கேட்டாள். தெர்மாமீட்டர் இன்னொரு பூண்டை எடுத்து உரித்தாள்.

அன்று மாலை அடைத்த பாட்டிலின் கண்ணாடியில் மறுநாள் காலை துளி ஈரம் இல்லை. மாஸ்டர் வந்து ஒரு துண்டை ஒடித்தார், படக்கென்று ஒடிந்தது. வெந்நீரில் ஊறப்போட்டார். கேரட் கொழுகொழுவென்று உப்பி, இப்போதுதான் நறுக்கியது போல் நிறம் காட்டியது.

"அட! எந்தச் சூட்டுல வெச்சீங்க?"

"எழுபது," என்றாள் தம்பி மனைவி.

"அம்பத்தஞ்சு," என்றாள் தெர்மாமீட்டர், அதே நொடியில்.

மாஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணி! குறைச்சீங்களா?"

"நீ ஏத்தினதைக் குறைச்சேன். பின்ன, பாத்துட்டு இருக்கச் சொல்றியா?"

சொன்னவளுக்கே அப்போதுதான் உறைத்தது. ஜுரக்காரர் உடம்பை ஈரத்துணியால் துடைத்தால் ஈரம் காயக் காய உடம்பு குளிரும். கேரட்டும் அப்படித்தானே? ஈரம் ததும்பும்போது ஆவி கிளம்பித் துண்டைக் குளிர வைக்கிறது, அதனால் துண்டு எழுபதையும் தாங்கிக்கொள்கிறது. ஈரம் குறைந்த பிறகு குளிர வைக்க ஏதுமில்லை. அப்போது இறக்காவிட்டால் தோல் இறுகும்.

"அப்ப முதல்ல என் சூடு, அப்புறம் உங்க சூடா?" என்றாள் தம்பி மனைவி.

"உன்னுதுக்குப் பின்னாடி என்னுது இல்லன்னா ஓடுதான்."

"உங்களுது மட்டும்னா ஊறுகாய்தான்!"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாராவாரம் கேரட் வேணும். கூட பீன்ஸும்," என்றார்.

அவர் வாசல் தாண்டுமுன்பே சமையலுக்கு வாங்கியிருந்த பீன்ஸ் கூடை தரையில் கவிழ்ந்து, கத்திகள் வெளியே வந்துவிட்டன.

"இவ்ளோ தடியாவா நறுக்குவாங்க அண்ணி?"

"நீ நறுக்கறது நூல் மாதிரி இருக்கு. ஊதினா பறந்துரும், தள்ளு."