ஸ்டாண்டு அண்ணன் கட்சி மாறிய கதை

என் அண்ணன் கழுத்தில் பச்சை வார் தொங்க ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆல்பத்துக்குப் படம் அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே மௌஸை விட்டுவிட்டேன். உள்ளறையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஒரு மனுஷன் கேமரா மாற்றினான், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் தொழிலில் கேமரா கம்பெனி என்பது கட்சி. கம்பெனிப் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை, கழுத்துவாரின் நிறத்தைச் சொன்னால் போதும். ஒன்று நீலம், இன்னொன்று பச்சை. வேலை இல்லாத சாயந்திரங்களில் போட்டோகிராபர்கள் எல்லாம் எங்கள் ஸ்டுடியோ முன்னறையில் கூடுவார்கள். டீ வரும், அது ஆறுவதற்குள் சண்டையும் வந்துவிடும். நீலத்தில்தான் முகத்து நிறம் அசலாக வரும் என்பான் ஒருவன். பச்சையில் இருட்டில்கூட ஃபோகஸ் நிற்கும் என்பான் இன்னொருவன். மாறலாமா, மாறினால் கையில் இருக்கிற லென்ஸை எவன் தலையில் கட்டுவது என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லும்போதுகூட இவர்கள் யாரும் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

பச்சைக் கட்சிக்குத் தலைவன், பறக்கும் கேமரா வைத்திருந்ததால் டிரோன் என்று பேர் வாங்கியவன். நீலக் கட்சிக்கு என் அண்ணன்.

அண்ணனுக்குத் தொழிலில் வைத்த பட்டப்பெயர் ஸ்டாண்டு. மற்றவர்கள் மூன்று கால் ஸ்டாண்டில் மாட்டினால்தான் ஆடாமல் எடுக்க முடியும் என்கிற படத்தை அவன் வெறும் கையில் எடுப்பான். ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சம் இருந்தால் போதும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, மெதுவாக அமுக்குவான். ஷட்டர் சோம்பல் முறித்தபடி திறந்து மூடும், அதற்குள் கை துளி ஆடினாலும் படம் கலங்கிவிடும். அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணிமை முடியை எண்ணலாம். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்ததும் அந்தக் கைதான். எனக்கு மாப்பிள்ளை பார்த்தவனும் அவன்தான். தன்னோடு வேலை பார்த்த நீலக்காரரையே பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினான். வேறென்ன பொருத்தம் பார்த்தானோ, லென்ஸ் பொருத்தம் பார்த்துவிட்டான்.

அதிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே பை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தப் பை நடுவில் இருக்கும். ஒருவர் கையை நீட்டினால் மற்றவர் வேண்டிய லென்ஸை வைத்துவிடுவார். புருஷன் பெண்டாட்டி நாங்கள்கூட அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

பச்சைக்காரர்கள், கை ஆடினாலும் படம் ஆடாமல் காப்பாற்றுகிற வசதியைக் கேமராவுக்குள்ளேயே வைத்து விற்க ஆரம்பித்தபோது, அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கை இருக்கறவனுக்கு எதுக்குடா அது? குழந்தைக்கு நடைவண்டி வாங்குற மாதிரி ஆளுக்கொண்ணு வாங்கிக்கிட்டுப் போங்கடா" என்றான் டிரோனிடம்.

அப்படிப் பேசியவன் கழுத்தில்தான் இப்போது பச்சை.

"என்னண்ணே இது?" என்றேன்.

"கேமரா."

"அது தெரியுது. ஏன்?"

"காலம் மாறுதுல்ல. நாமளும் மாற வேண்டாமா?"

என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். "மச்சான், வெளையாடறீங்களா? அப்ப நம்ம பை?"

"என் பங்கு லென்ஸையெல்லாம் வித்துட்டேன் மாப்ள" என்றான் அண்ணன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

அடிமாட்டு விலைக்கு விற்றிருக்கிறான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. அவர் உள்ளே போய்ப் பையைத் திறந்து, காலியான பள்ளங்களை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று சாயந்திரம் டிரோன், "வாங்க தலைவரே, வாங்க! நடைவண்டி எப்படி இருக்கு?" என்று எல்லோருக்கும் தன் செலவில் டீ சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனோ கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சிரித்தான்.

இதில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதற்கு முன் ஒரு வருஷமாகவே அவன் படங்கள் சரியில்லை. மண்டபத்துக்குள் எடுத்த படமெல்லாம் ரவையைத் தூவின மாதிரி புள்ளி புள்ளியாக வரும். ஷட்டரைத் தேவையில்லாமல் வேகமாக வைத்திருப்பான். வேகமாக வைத்தால் வெளிச்சம் போதாது, வெளிச்சம் போதாவிட்டால் புள்ளி விழும். உட்கார்ந்து சரிசெய்கிறவள் நான்தானே, வாய்க்கு வந்தபடி திட்டுவேன். "கேமரா பழசாயிடுச்சு" என்பான். பச்சைக்குப் போனபின் படங்கள் பளிங்கு மாதிரி வந்தன. அப்போ கேமராதான் கோளாறு போலிருக்கிறது என்று நானும் நம்பிவிட்டேன். என் வீட்டுக்காரர் நம்பவில்லை. "எங்கிட்டயும் அதே கேமராதானே இருக்கு? எனக்கு வரலையே புள்ளி?" என்று கேட்டுவிட்டு அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். வேலைக்கு ஒரே வண்டியில் போவார்கள், ஊமைப்படம் மாதிரி வருவார்கள்.

பிறகு ஒரு கல்யாண வரவேற்பு. கூட ஆள் இல்லாததால் நானும் போயிருந்தேன். மேடை விளக்கு ஒன்று படபடவென்று அடித்து அணைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கேமராவை நாற்காலியில் வைத்துவிட்டு ஒயரைப் பார்க்க ஓடினார். அந்த நேரம் பார்த்து, வாழ்த்துச் சொல்ல மைக்கைப் பிடித்த மணப்பெண்ணின் அப்பா பேச முடியாமல் தேம்பி, மகளைக் கட்டிக்கொண்டார். அரங்கமே எழுந்து நின்றது. அண்ணன் இரண்டடி தூரத்தில் நிற்கிறான், ஆனால் அவன் கேமராவில் மாட்டியிருப்பது தூரத்தில் இருப்பதை எடுக்கிற நீள லென்ஸ். மூக்கு மட்டும்தான் விழும். பச்சையில் அகல லென்ஸ் அவன் இன்னும் வாங்கவில்லை. எங்கள் பையில் அகல லென்ஸ் இருக்கிறது, அது பச்சையில் மாட்டாது.

நான் அகல லென்ஸோடு நாற்காலியில் இருந்த நீலத்தை எடுத்து நீட்டினேன். "இந்தாண்ணே, இதுல எடு!"

"நீ எடு" என்றான்.

"எனக்கு எங்கே எடுக்கத் தெரியும்? பிடிண்ணே!"

"வேண்டாம்."

அப்போதும் இந்த மனுஷன் கட்சி பார்க்கிறானே என்று எனக்குத் தலைக்கேறியது. "கர்வம் பிடிச்சவனே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கேமராவை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினேன். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டான். வரிசையாக எடுத்தான். வியர்வை அவன் காதோரம் வழிந்ததைப் பார்த்தேன். மண்டபத்துப் புழுக்கம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன். முதல் படத்தில் அப்பாவுக்கு இரண்டு நெற்றி. ஃபோகஸ் போய்விட்டதாக்கும் என்று அடுத்ததைத் திறந்தேன். மகளுக்கு நான்கு கண். அதற்கடுத்தது, அதற்கடுத்தது. எல்லாப் படத்திலும் உருவங்கள் ஒரே திசையில் இழுபட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. இருட்டு மேடைக்காக என் வீட்டுக்காரர் ஷட்டரை மெதுவாக வைத்திருந்தார். அண்ணனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, இன்னும் மெதுவாக வைத்து எடுத்தவன் அவன். இது ஃபோகஸ் இல்லை. கை ஆடியிருக்கிறது. ஸ்டாண்டின் கை ஆடியிருக்கிறது.

அந்த ஒரு வருஷத்துப் புள்ளிகள், நடுக்கத்தை மறைத்த வேகமான ஷட்டர், பாக்கெட்டில் விட்ட கை, நடைவண்டி என்று சிரித்தவன் அதையே போய் வாங்கியது, எல்லாம் ஒரே அறையாகக் கன்னத்தில் விழுந்தது. நான் கேமராவை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தியதை நினைத்து அழுகை வந்தது.

அண்ணன் வந்தான். திரையைப் பார்த்தான். எதுவும் மறைக்கவில்லை.

"எப்பலேர்ந்துண்ணே?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது. நரம்பு டாக்டர்கிட்ட காட்டினேன். உயிருக்கு ஒண்ணுமில்லையாம். மாத்திரையில கொஞ்சம் அடங்குமாம். ஆனா போகப்போகக் கூடத்தான் செய்யுமாம்."

"எங்ககிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா உன் வீட்டுக்காரன் என்ன பண்ணுவான்? கஷ்டமான வேலையெல்லாம் அவனே இழுத்துப்போட்டுக்குவான். நான் என்ன எடுத்தாலும் நல்லாருக்கும்பான். அந்தக் கருமம் எனக்கு வேண்டாம். இந்தக் கேமரா இருக்கற வரைக்கும் நான் போட்டோகிராபர். அவன்கிட்ட மூச்சு விடாதே."

சரி என்றேன். அந்தச் சரி மதியம் வரைகூடத் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் வந்து படங்களைப் பார்த்ததும் குதிகுதியென்று குதித்தார்.

"வேணும்னே கெடுத்திருக்காரு! நம்ம கேமரா மட்டம்னு காட்டறதுக்காக ஒரு அப்பனோட கண்ணீரைக் கெடுத்திருக்காரு! போதும். இன்னிக்கு சாயந்திரம் எல்லாரையும் வெச்சுக்கிட்டே சொல்லப்போறேன், இனிமே உங்க வழி உங்களுக்கு, என் வழி எனக்குன்னு."

"ஏங்க, அவன் கை நடுங்குதுங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். வாக்கு மீறியதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. சொல்லாமல் இருந்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன்.

அவர் அடித்துப்போட்டவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கையா?" என்று கேட்டார். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "எனக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கமாட்டேன். நீ கவலைப்படாதே" என்றார். நானும் நிம்மதியானேன். இரண்டு பேருமே மடையர்கள்.

சாயந்திரம் வழக்கம்போலக் கூட்டம் கூடியது. டிரோன் ஆரம்பித்தான். "என்ன நீலம், ஸ்டாண்டண்ணன் மாறி இவ்ளோ நாளாச்சு. இப்பவாவது ஒத்துக்கறியா?"

இந்தக் கேள்வியை அவன் கேட்பதும், என் வீட்டுக்காரர் சீறுவதும், முன்னறை ரெண்டுபடுவதும் தினசரிக் கூத்து. எல்லோரும் சீறலுக்குக் காத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர், "ஒத்துக்கறேன்" என்றார். "பச்சைதான் நல்ல கேமரா. மச்சான் எடுத்தது சரியான முடிவு. நாங்கதான் இத்தனை வருஷமா வீம்புக்குப் பேசிட்டோம்."

டிரோன் டீயை உதட்டருகில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். என் வீட்டுக்காரர் ஜென்மத்தில் எதையும் ஒத்துக்கொண்டவர் இல்லை. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று தானே சமைத்த நாளில்கூட ஒத்துக்கொண்டதில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் பேயறைந்த மாதிரி என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினான். எவ்வளவு பதவிசாக மறைத்தோம் என்று நினைத்தோமோ, அவ்வளவு பச்சையாகக் காட்டிக் கொடுத்துவிட்டோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணன் எழுந்து நின்றான். பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து எல்லோர் முன்னாலும் நீட்டினான். விரல்கள் நிற்காமல் நடுங்கின. டிரோன் எழுந்து, "அண்ணே" என்றான். இத்தனை நாள் செய்த நடைவண்டிக் கேலிக்கான வருத்தமெல்லாம் அவன் முகத்தில் தெரிந்தது.

"இதுக்குத்தான் மாத்தினேன். எல்லாரும் பாத்துக்கிட்டீங்கல்ல?" என்றான் அண்ணன். அப்புறம் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினான். "மாப்ள, என் கைதான் போகுது. காது நல்லாத்தான் இருக்கு. நீ ஒத்துக்கிட்டியே, அதைத்தான் காது குடுத்துக் கேக்க முடியல. சண்டை போடு."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போடுறா மாப்ள. பச்சையில என்ன குறை? சொல்லு."

"மச்சான், வேண்டாம்..."

"சொல்லுன்னா."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"பேட்டரி," என்றார். "அதோட பேட்டரி அரை நாள்கூடத் தாங்காது மச்சான். அதெல்லாம் ஒரு கேமராவா?"

"அப்படிக் கேளு" என்று சொல்லிவிட்டு அண்ணன் உட்கார்ந்தான். பச்சைக்குப் பரிந்துகொண்டு பேச ஆரம்பித்தான்.