விரத நாளில் கோழி உருண்டை

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப்பிழையும் இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டவன் நான். வாயால் சொல்லிவிடலாம் என்றால், நாலு பேர் என்னைப் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் பண்டமாரானில் இருக்கிறோம். துறைமுகப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் சாமான் ஏற்றி இறக்குவது என் வேலை. ஒரே மகள், கட்டிக்கொடுத்து பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறாள். தீபாவளி முடிந்த கையோடு மனைவிக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவு மூடியதும், இவள் எழுந்து வந்தால் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் அலகு குத்திக் காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

எழுந்து வந்தாள். நான் விரதம் தொடங்கினேன், தரையில் படுத்தேன், கவிச்சியை விட்டேன். நான் விட்டதும் அவளும் விட்டுவிட்டாள். அங்கேதான் சிக்கல் வந்தது. உடம்பில் ரத்தம் மிகக் குறைவு, கோழி, மீன், முட்டை கொடுங்கள், எண்ணெய் மட்டும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த பரிசோதனைக்குள் ரத்தம் ஏறாவிட்டால் மறுபடியும் வார்டில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார். இவளோ பருப்பையும் கீரையையும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். வளையல் முழங்கை வரை ஏறியது.

"எனக்காக நீங்க தரையில படுக்குறீங்க. நான் கோழி கடிச்சிக்கிட்டு உட்காரவா?" என்றாள்.

"நோயாளி சாப்பிட்டா குத்தமில்லன்னு கோயில்ல சொன்னாங்கம்மா."

"சொல்லுவாங்க. அலகு ஏறும்போது ரத்தம் வந்தா அவங்களா பதில் சொல்லுவாங்க?"

விரதம் சுத்தமாக இருந்தால் அலகு குத்தும்போது ரத்தம் வராது என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் அவளுக்காக நான் பிடித்த விரதமே அவளைப் பட்டினி போடுகிறதே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மகளிடம் போனில் சொன்னேன். "அம்மாவுக்கு அந்த மால்ல சாப்பிட்ட மீட்பால் ஸ்பாகெட்டி பிடிச்சிச்சே. கோழிய உருண்டை பிடிச்சுச் செய்ங்கப்பா. பொரிக்க வேணாம், தக்காளி சாஸ்லயே வேக வைக்கலாம். மசாலா வாசம் வராதுலா," என்றாள். நான் மெதுவாகத்தான் வாசிப்பேன் என்பதால், செய்முறையைக் குரலாகவே அனுப்பிவைத்தாள்.

விரத வீட்டில் கோழி சமைக்கக்கூடாது. பக்கத்து வீட்டில் ஒரு தமிழ் முஸ்லிம் அக்கா இருக்கிறார். வேலிப் பக்கம் போய் நின்று, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அவர் வீட்டுப் பப்பாளி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பப்பாளி வேணுமா அண்ணே?" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கா இவ்வளவு நேரம்? என் அடுப்பு, என் சட்டி. வாங்க," என்றார்.

பாசாரில், அதாவது சந்தையில், கொத்தி வாங்கிய கோழி நெஞ்சுக்கறியோடு ஓட்ஸ், துருவிய கேரட், பூண்டு எல்லாம் சேர்த்தேன். கவிச்சியைத் தொடக்கூடாதே என்று பிளாஸ்டிக் கையுறை போட்டிருந்தேன். உருட்ட உருட்டக் கையுறையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்ன அண்ணே, இப்படிப் பயந்து பிடிக்கிறீங்க? செத்த கோழி கொத்தாது," என்று அக்கா சிரித்தார்.

வெறுங்கையைத் தண்ணீரில் நனைத்து உருட்டு என்று மகள் சொல்லியிருந்தாள். கையுறையைக் கழற்றினேன். முருகா என்று சொல்லிக்கொண்டேதான் உருட்டினேன். உருண்டைகள் ஒழுங்காக வந்தன. கொதிக்கும் தக்காளிச் சாற்றில் ஒவ்வொன்றாக இறக்கினேன். உடைந்துவிடுமோ என்று கரண்டியைக்கூட விடவில்லை. ருசி பார்க்க என்னால் முடியாது. அக்காதான் உள்ளங்கையில் சாற்றை விட்டு நக்கிப் பார்த்து, "உப்பு சரி," என்றார்.

நூடுல்ஸ் மாதிரி நீளமாக இருக்கும் ஸ்பாகெட்டியை வேகவைத்து, மேலே உருண்டைகளையும் சாற்றையும் ஊற்றி எங்கள் வீட்டுக்கு எடுத்துப்போனேன். மனைவி தட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அட, அந்த மால் சாப்பாடு! சைவக் கடையில சோயா உருண்டை வாங்கினீங்களா?"

இங்கே விரத நாளில் சோயாவில் செய்த கோழியும் மீனும் கடை நிறையக் கிடைக்கும். அவள் அப்படித்தான் நினைப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், சாப்பிட்டுவிடுவாள். முள்கரண்டியில் ஓர் உருண்டையைக் குத்தி வாய்ப்பக்கம் கொண்டுபோனாள்.

"கோழிம்மா," என்றேன்.

கரண்டி தட்டில் இறங்கியது.

"நம்ம அடுப்பிலயா?"

"இல்ல. பக்கத்து வீட்டு அக்கா அடுப்புல. சட்டியும் அவங்களது."

"யாரு உருட்டினது?"

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அதிலேயே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"நீ சாப்பிடலன்னா நான் யாருக்குக் காவடி எடுக்கிறது?" என்றேன். அவளிடம் நான் குரல் உயர்த்தியது எனக்கே புதிதாக இருந்தது.

"மொதல்ல போய்த் தலைக்குக் குளிங்க," என்றாள். "கவிச்சி தொட்ட கையோட என் முன்னால நிக்காதீங்க."

குளியலறையில் தண்ணீரை ஊற்றுவதும் நிறுத்துவதுமாக இருந்தேன். கூடத்திலிருந்து ஏதாவது சத்தம் வருமா என்று கேட்டேன். தட்டைத் தூக்கிக் கொட்டும் சத்தம் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஈரத் தலையோடு வெளியே வந்தேன். ஸ்பாகெட்டி பாதி மிச்சம் இருந்தது. உருண்டை ஒன்றும் இல்லை.

"உப்பு பத்தல. யாரு ருசி பார்த்தது?"

"அந்த அக்காதான்."

"அவங்களுக்குப் பிரஷர். அவங்க நாக்குக்கு இந்த உப்பே ஜாஸ்தி. நாளைக்கு நானே வேலிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து பார்க்குறேன்."

மறுநாளிலிருந்து வந்து உட்கார்ந்தாள். கோழி, மீன் என்று அக்கா வீட்டுச் சட்டியில் சமைப்பதும், நான் குளிப்பதும் வழக்கமாகிவிட்டது. சாமி இதை எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று தெரியவில்லை. கேட்கவும் ஆளில்லை.

நாளை பரிசோதனை. வார்டில் சேர்க்கச் சொன்னால் என்ன செய்வது என்று, காலையில் அவளுடைய கைலி, துண்டு எல்லாம் பையில் எடுத்து வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "பை எதுக்கு? டாக்டரைப் பார்த்துட்டுப் பாசாருக்குப் போகணும், தக்காளி தீர்ந்துபோச்சு," என்று சொல்லி எல்லாவற்றையும் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். துண்டை மட்டும் அவளுக்குத் தெரியாமல் எடுத்து மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்திருக்கிறேன்.

பண்டமாரான்,
தைப்பூசத்துக்கு முந்திய திங்கட்கிழமை.