வேலை கேட்கும் அறை

என் அக்கா புருஷனைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். வீட்டுக் குழாய் மாதக்கணக்கில் ஒழுகும். அதைக் கவனிக்க அவருக்கு நேரம் இருக்காது. வானத்தில் எங்கேயோ ஒரு நட்சத்திரம் துடிக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் நேரம் இருக்கும்.

அதற்கென்று அத்தானுக்கு ஓர் அறையே உண்டு. கீழே சமையலறைக்கு அடுத்த அறை. அதில் நான்கு பழைய கணினிகள். யாரோ கழித்துப் போட்டவற்றை நான்தான் என் வேனில் ஏற்றி வந்து இறக்கினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சூடு போகட்டும் என்று பக்கத்து மூடிகளைக் கழற்றி வைத்திருப்பார். நாலும் ராப்பகலாக உறுமும். சமையலறைப் பக்கத்துச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், அக்கா ஈரத்துணியை அதன் ஓரமாகத்தான் உலர்த்துவாள்.

விஷயம் இதுதான். வானத்தைக் கேட்கும் பெரிய கருவிகள் பதிவு செய்த இரைச்சலை எங்கேயோ ஒரு பல்கலைக்கழகம் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருக்கும். உலகம் முழுக்க அத்தானைப் போன்றவர்கள் ஆளுக்குச் சில துண்டுகளை வாங்கித் தங்கள் கணினியில் அலசித் திருப்பி அனுப்புவார்கள். சம்பளம் கிடையாது. பெயருக்கு நேரே புள்ளிகள் ஏறும், அவ்வளவுதான்.

"கூலிக்கு மாரடிக்கிறவனப் பார்த்திருக்கேன் அத்தான். கூலியே இல்லாம மாரடிக்கிறவர இப்பத்தான் பார்க்கிறேன்" என்பேன்.

அத்தான் சிரிப்பார். அப்போதெல்லாம் சிரிப்பார்.

அவருடைய தொழிலும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். கண்ணாடி பாட்டில் ஆலையில் சோதனைக்காரர். வெள்ளை விளக்குக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து போகும். கீறல், குமிழி, கல் எது தெரிந்தாலும் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வெளியே போட வேண்டும். அதிக நேரம் பார்த்தால் கண் ஏமாற்றும் என்று அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுவார்கள். அத்தானை மாற்ற ஆள் வந்தால் எழுந்திருக்க மனசே வராதாம்.

போன வருஷம் உலையை அணைத்துவிட்டார்கள். ஆலையை மூடிவிட்டோம் என்று வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்கள். எல்லோரும் தினமும் போக வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், சாயங்காலம் வரை கூடத்தில் உட்கார வேண்டும். வராவிட்டால் தானாக வேலையை விட்டதாகக் கணக்கு. மிச்சமிருந்த ஒரே வேலை, கிடங்கில் கிடந்த பழைய பாட்டில்களை மறுபடி சோதிப்பது. ஆலையில் சோதனைக்கு இரண்டு வரிசை உண்டு. அந்த வேலை இரண்டாம் வரிசைக்காரர்களுக்குப் போனது. ஒரு வாரத்து வேலையை அவர்கள் மாதக்கணக்கில் இழுத்தார்கள். முதல் வரிசைக்காரரான அத்தான் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருப்பதே சுகம் என்கிறவன் எவனாவது அங்கே ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் பேச்சு நின்றது. "எப்படிப் போகுது அத்தான்?" என்றால் "போகுது" என்பார். உப்பில்லாத குழம்பை ஊற்றினாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். "கோபமாவது படலாம்லடா இந்த மனுஷன்" என்று அக்கா என்னிடம் அழுதாள். ஆலையிலிருந்து வந்ததும் அந்த அறைக்குள் போய்விடுவார். அங்கே மட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது.

அப்புறம் அங்கேயும் தீர்ந்தது. துண்டு நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டாராம், புது ஆள் வரும்வரை பொறுக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. உறுமல் அடங்கியது. சுவர் குளிர்ந்தது. கணினிகளை அணைப்பார் என்று பார்த்தால் அதுவும் இல்லை. அவை பாட்டுக்கு வேலை கேட்டுக்கொண்டிருந்தன. கேட்கும், 'வேலை இல்லை' என்று பதில் வரும். ஒரு நிமிஷம் கழித்துக் கேட்கும், இல்லை. அடுத்து இரண்டு நிமிஷம் கழித்து, பிறகு நாலு. இல்லை என்று பதில் வர வர இடைவெளி நீண்டுகொண்டே போகும், ஆனால் கேட்பது நிற்காது. அத்தான் எதிரே முக்காலி போட்டு, பிடித்து வைத்தது போல உட்கார்ந்திருப்பார்.

"வேலை தீர்ந்ததும் அறைய ஒழிச்சுத் தர்றேன்னு சொன்னீங்களே" என்றாள் அக்கா.

"தீரல. வரும். வர்றப்ப ஆள் இருக்கணும்ல" என்றார். வந்தால் விடக் கூடாது என்று, பத்து நாளுக்கு வேண்டியதை ஒரே மூச்சில் வாங்கிச் சேர்த்துக்கொள்ளும்படி நாலையும் திருத்தி வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரில் வேலை பார்த்த அவர் மகள் அங்கே ஒரு கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டாள். உள்ளே கம்பி வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். மாடிப்படி ஏறவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும். கீழே இருப்பது அந்த ஓர் அறைதான். சனிக்கிழமை வருகிறாள்.

வெள்ளிக்கிழமை நான் வேனோடு போனேன். அத்தான் முக்காலியை நகர்த்தி வழிவிட்டார். நான் குனிந்து முதல் வயரைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கணினி உறும ஆரம்பித்தது. அடுத்தது, அதற்கடுத்தது. திரையில் துண்டுகள் மளமளவென்று இறங்கின. நூற்றுக்கணக்கில்.

அத்தான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா வாசலில் வந்து நின்றாள். "நாளைக்குப் பிள்ள வர்றா" என்றாள்.

"பிடுங்கிடுறேன் அத்தான்" என்றேன்.

"இரு மாப்ளே. பிடுங்கினா இது பூரா நம்ம பேர்லயே கிடக்கும். கெடு முடியிற வரைக்கும் வேற யாருக்கும் தர மாட்டாங்க."

"கிடக்கட்டுமே! நட்சத்திரம் எங்க ஓடிப் போகப் போகுது?"

அத்தான் சுட்டியைக் கையில் எடுத்தார். "எவனாவது எதிர் பெஞ்சில உக்காந்திருப்பான்" என்றார்.

பிறகு ஒவ்வொரு கணினியாக, வந்த அத்தனையையும் திருப்பிக் கொடுத்தார். கடைசித் துண்டையும் அனுப்பிவிட்டு, எந்தத் துண்டு யாரிடம் போகிறது என்று காட்டும் பக்கத்தைச் செல்போனில் திறந்து காத்திருந்தார். திருப்பிய துண்டு ஒன்றை முன்பின் தெரியாத எவருடைய கணினியோ அதற்குள் வாங்கியிருந்தது. "எடுத்துட்டான்" என்றார். முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. எனக்கு அவரை ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. நாலையும் வேனில் ஏற்றினேன்.

மறுநாள் அந்த இடத்தில் கட்டில். கட்டிலில் மகள். அத்தான் அதே முக்காலியை அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தார். நான் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏதாவது வேணுமாம்மா?"

"ஒண்ணும் வேணாம்ப்பா."

கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டார். வேணாம் என்றாள். அடுத்த தடவை கேட்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்கும் வேணாம்தான். அதற்கடுத்தது இன்னும் தள்ளி வந்தது. அவர் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இதை எங்கே பார்த்தேன் என்று சட்டென்று உறைத்தது. டீயை அப்படியே வைத்தேன்.

உள்ளே போய் அவள் காதருகே குனிந்தேன். "அடியே, உங்கப்பாவுக்கு ஏதாவது வேலை குடு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அப்பா, காலுக்கடியில இந்தத் தலையணையக் கொஞ்சம் மேல தள்ளுங்களேன்."

எழுந்து வந்தார். இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம் மேலப்பா. ஐயோ, ரொம்பப் போயிடுச்சு, கீழ இறக்குங்க. இந்தப் பக்கமா. இன்னும் கொஞ்சம்."

அவர் குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பார்த்து நகர்த்தினார். ஒரு நிமிஷத்து வேலையைக் கால் மணி நேரம் இழுத்தாள் அவள். தலையணை முதலிலேயே சரியாகத்தான் இருந்தது.