எனக்கு மட்டும் சுடாத கல்

சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றும்போது, கருங்கல் சூடு தாங்காமல் எல்லோரும் கால் மாற்றிக் குதித்தார்கள். நான் மட்டும் மாப்பிள்ளை போல நிதானமாக நடந்தேன்.

“யோவ், உனக்கு மட்டும் சுடலியா?” என்றான் என் பக்கத்துத் தறியில் நெய்யும் நண்பன்.

“பக்தி வேணும்பா!” என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி அலறினாள். “இன்னாங்க இது? நடந்த எடமெல்லாம் ரத்தமா இருக்குது!”

காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் கொப்புளித்துத் தோல் உரிந்திருந்தது. வலியே இல்லை. மனைவி அப்போதே என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். “ஊசியால குத்தினா சொல்லுப்பா.”

சற்று நேரம் காத்திருந்துவிட்டு, “சும்மா குத்துங்க சார், பயமில்ல” என்றேன். மனைவி விம்மும் சத்தம் கேட்டுக் கண் திறந்தேன். ஊசி ஏற்கெனவே என் கால் கட்டைவிரலில் குத்தி நின்றது!

“சர்க்கரை வியாதி. கால் மரத்துப்போச்சு. புண் புரையோடினா காலையே எடுக்கணும்” என்றார். தறி மிதிக்கிற கால்!

பல வாரம் கட்டுப் போட்டுக் கால் தப்பியது. இப்போது வெயில் ஏறுமுன் கோயிலுக்குப் போய்விடுகிறேன். தெருவில் செருப்பில்லாமல் இறங்குவதில்லை. மாலையில் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்ததும், மனைவி விளக்கைக் கிட்டே வைத்து உள்ளங்காலைச் சோதிக்கிறாள். அம்மி மிதிக்க நான் அவள் காலைப் பிடித்தது ஒரே ஒரு நாள். அவள் என் காலைப் பிடிப்பது தினமும்!